ஓட்டப் பிடிக்காதவர்களுக்கு ஒரு கார்

எனக்குக் கார் ஓட்டப் பிடிக்காது. பயம் என்று சொன்னால் ஆளாளுக்குத் தைரியம் சொல்ல வந்துவிடுவார்கள் என்பதால், பிடிக்காது என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அப்படிப்பட்ட எனக்காக, அறுபது வயதுக்கு மேல், என் வீட்டுக்காரர் ஒரு பெரிய சொகுசுக் காரை வாங்கினார். "ஓட்டப் பிடிக்காதவங்களுக்குன்னே செஞ்ச காடி இது" என்றார். நான் அதை ஓட்டப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், புந்தோங்கில் எங்கள் தெருவுக்கே தெரியும். பிறகு யாருக்காக இந்தக் கார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்குவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று.

என் ஓட்டும் லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் எடுத்தது முப்பது வயதில். எடுக்க வைத்தவர் அவர்தான். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, கோயிலுக்கு எதிரே இருக்கும் லோங்காங்கில், அதாவது அந்தப் பெரிய சாக்கடையில், முன்சக்கரத்தை இறக்கினேன். சாமி கும்பிட வந்திருந்த கூட்டம் முழுக்க வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரைத் தூக்கி மேலே வைத்தது. ஒரே ஒருவர் மட்டும் தூக்காமல் என்னிடம் வந்து, "அக்கா, லோங்காங் முப்பது வருஷமா இங்கதான் இருக்கு, நீங்க பாக்கலையா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாவியை ஆணியில் மாட்டியவள், மறுபடி எடுக்கவில்லை.

ஆனால் லைசென்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது. அது முடியும் நாள் வருவதற்குள் அவரே என் அடையாள அட்டையை எடுத்துப் போய்ப் புதுப்பித்து வந்துவிடுவார். "எதுக்குங்க இது, சாமிக்குப் படைக்கவா?" என்று கேட்டால், "இருக்கட்டும் லா" என்பார். 

நான் வேலை பார்த்தது தஞ்சோங் ரம்புத்தானில், மனநல மருத்துவமனையின் சலவைப் பிரிவில். எங்கே வேலை என்று கேட்பவர்கள் பதிலைக் கேட்டதும் ஒரு நொடி என் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் பழகிப்போனவள் நான். இருபத்தெட்டு வருடமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன், மழை நாளில் மட்டும் அவர் கொண்டுபோய் விடுவார். அவர் லோரிக்காரர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஸ்டீரிங் பிடித்து, செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போய்க்கொண்டே இருந்தவர். சொந்தமாக ஒரு லோரி வாங்கி, அதை மனைவியைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டவர். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. லோரிக்கு மாதம் தவறாமல் எண்ணெய் மாற்றினார், என் பல்வலிக்கு மூன்று மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

அந்த மனுஷன் போன வருடம் லோரியை விற்றார். கேட்டபோது, "போதும், முதுகு வலிக்குது" என்றார். முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு நாளும் நடந்து நான் பார்த்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. கிளினிக்கில் மருந்து எடுக்கப் போனபோது, கண்ணைப் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து ஐஸ்பெட்டி மேல் வைத்தார். தீபாவளி முடியட்டும் என்றார், பிறகு தைப்பூசம் முடியட்டும் என்றார். நானும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டால் இவர் என்ன செய்வார் என்று எனக்குப் பயம். ஸ்டீரிங்கை எடுத்துவிட்டால் இந்த மனுஷனிடம் என்ன மிச்சம் இருக்கும்? ஒரு நாள் ஐஸ்பெட்டி மேல் தூசி துடைக்கும்போது, அந்தக் கடிதத்தை எடுத்து பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்தேன். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான்.

அந்த மாதங்களில் எங்களுக்குள் சண்டை அதிகம். அவர் என்னிடம் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவார், காலண்டரைப் பார்த்துப் பேசுவார். சாப்பாடு எப்படி என்று நான் கேட்டால், பதிலை என் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குடத்திடம் சொல்வார். "முப்பத்தஞ்சு வருஷம் பாத்தது போதும்னு ஆயிருச்சா?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அதற்கும் காலண்டரைப் பார்த்துத்தான் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. நான் என்ன செய்துவிட்டேன் என்று ராத்திரியும் பகலும் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

இந்த நிலைமையில்தான் கார் வாங்கப் போகலாம் என்றார்.

ஈப்போவில் பழைய கார்கள் விற்கும் இடம் அது. விற்பவள் ஒரு சீனப் பெண், என் மகள் வயது இருக்கும், மலாயில் பேசினாள். வரிசையில் சின்னக் கார்கள் எத்தனையோ இருக்க, அவர் நேராகக் கடைசியில் நின்ற ஒரு நீளமான கருநீலக் காரிடம் போனார். யாரோ ஒரு தௌக்கே, பெரிய முதலாளி, மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு விற்ற கார். அந்தப் பெண் என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்தாள். பிறகு முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ உருண்டது. நான் துள்ளி எழுந்து தலையை இடித்துக்கொண்டேன். சீட்டுதான் பிடித்துவிடுகிறதாம். இன்னொரு பொத்தான் அழுத்தினால் உட்காரும் இடத்தில் குளிர்காற்று வருமாம். எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"ஆன்ட்டி, இது ஓட்டப் பிடிக்காதவங்களுக்கான கார்" என்று அவள் மலாயில் சொன்னாள். முன்னால் போகும் வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகும், கோட்டைத் தாண்டினால் ஸ்டீரிங்கைத் தானே திருப்பும், குறுக்கே ஏதாவது வந்தால் தானே பிரேக் பிடிக்கும். ஆனாலும் ஓட்டுகிறவர் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கேட்டேன். அவர் கேட்டாரா தெரியவில்லை.

அவர் கேட்ட கேள்விகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. எஞ்சின் எப்படி, எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று எதையும் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மோட்டார் குறுக்கே வந்தா நிக்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்றாள். "ஆளு நடந்து வந்தா?" நிற்கும். "மழையில?" பெரும்பாலும் என்றாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, மோட்டார் சைக்கிளைப் பற்றி மூன்று தடவை கேட்டார். ஆட்டோ கியர் வண்டியைப் பார்த்தாலே, அது பொம்பளைங்க ஓட்டுறது என்று ஏளனம் செய்கிற ஆள், வாங்கிக்கொள்கிறேன் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று அந்தப் பெண் விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை போல என்று நினைத்தேன்.

கார் எப்போது கிடைக்கும் என்றதற்கு, இப்போதே ஓட்டிப் போகலாம் என்றாள். வேண்டாம், நீயே வீட்டுக்குக் கொண்டுவந்து விடு என்றார். தன் வண்டியை வேறு ஒருவர் கையில் ஒரு முழம்கூடக் கொடுக்காதவர்! லோரியைக் கழுவக்கூட யாரையும் விடமாட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் எனக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்தார்.

கார் வந்தது. வந்த கார் எட்டு நாள் வாசலில் நின்றது. அதற்குக் காரணம் உண்டு. அவர் குடும்பத்தில் எந்த வண்டி வாங்கினாலும், சைக்கிளாக இருந்தாலும், அது முதலில் போகும் இடம் தோட்டத்து முனியாண்டி கோயில்தான். அங்கே பூஜை போடாமல் வேறு எங்கும் ஓட்ட மாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. அங்கே வண்டிக்கு வைக்கிற பொட்டை யாரும் கையால் துடைக்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் அதுவாகவே போக வேண்டும். லோரியின் நெற்றியில் வைத்த சந்தனம் ஒரு தடவை இரண்டு மாதம் இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் சாலையில் நிறுத்தி, இது என்ன அழுக்கு என்று கேட்டாராம், அப்போதும் இவர் துடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். செம்மோர் வழியாகப் பழைய ரோட்டில் போனோம். முன்னால் ஒரு லோரி செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கார் அதன் பின்னாலேயே, அது வேகமெடுத்தால் வேகமெடுத்து, அது தயங்கினால் தயங்கிப் போயிற்று. அவர் ஸ்டீரிங்கில் கையை வைத்திருந்தார், பிடித்திருக்கவில்லை. வாழ்நாளில் ஒரு வண்டிக்குப் பின்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத ஆள். கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை காரை முந்திப் போய் நிற்பார்.

"ஏங்க, வெட்டிப் போகலையா?"

"தாப்பா லா, பரவாயில்ல. அவசரம் என்ன இப்ப?"

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. சீட்டு வேறு முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தது, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே போனேன்.

தோட்டம் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, அங்கே இப்போது ரப்பர்ப் பால்மரமும் இல்லை, தொழிலாளர் இருந்த லயத்து வீடுகளும் இல்லை. எல்லாம் செம்பனை. நடுவே ஒரு தார் போட்ட ஒற்றைப் பாதை, அதன் முடிவில் தகரக் கூரை போட்ட முனியாண்டி. பூசாரி பழைய தோட்டத்து எலெக்ட்ரீஷியன், பூஜை நேரம் போக மீதி நேரம் இன்னும் ஃபேன் ரிப்பேர் செய்கிறார். காரைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னண்ணே, மந்திரி காடியாட்டம் இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் மரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எஞ்சினைப் போட்டு வைக்கச் சொன்னார் பூசாரி. சூடத்தட்டை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் வந்தார். கார் பீப் என்றது. இன்னும் ஓர் அடி நெருங்கினார். பீப் பீப் என்று வேகமாக அடித்தது. தட்டைச் சுற்றச் சுற்ற விடாமல் அலறியது. கிட்டே ஆள் வந்தால் அப்படித்தான் கத்தும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். பூசாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா அக்கா, முனியாண்டி ஏத்துக்கிட்டாரு" என்றார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். யாருக்குத் தெரியும், ஏற்றுக்கொண்டும் இருக்கலாம்.

பிறகு பொட்டு. லோரிக்கு நெற்றி பெரிதாக இருக்கும். இந்தக் காருக்கு நெற்றி எது என்று பூசாரிக்குக் குழப்பம். கடைசியில் முன்பக்கத்தில் நடுவில் பளபளவென்று இருந்த வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அது முழுவதும் மறையும்படி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். ஒரு பொட்டு போதாது என்று நினைத்தாரோ என்னவோ, முன்கண்ணாடியின் உச்சியில் நட்டநடுவே விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டார். கீழே சாமந்தி மாலை கட்டினார். தேங்காய் உடைந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. நான் மனசார வேண்டிக்கொண்டேன். இவர் கோபம் எதுவாக இருந்தாலும் தீரட்டும், என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்றுதான்.

திரும்பும்போது ஒற்றைப் பாதையில் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டிங் என்று ஒரு சத்தம். அவருக்கு முன்னால் இருந்த திரையில் மஞ்சள் எழுத்துகள் வந்தன. மறுபடி டிங். கார் ஒரு முறை தயங்கிவிட்டு ஓடியது.

"என்ன எழுதியிருக்கு, படி" என்றார்.

"ஒங்க மூக்குக்கு நேராத்தானே இருக்கு? படிங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரல."

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது.

எட்டிப் படித்தேன். முன்பக்கத்து சென்சாரை ஏதோ மறைக்கிறது, ஓட்ட உதவி நிறுத்தப்பட்டிருக்கிறது, நீங்களே ஓட்டுங்கள் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார், நடக்கிறவர் வேகத்துக்கு வந்தார். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். எதிரே ஒரு மோட்டார் வந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஆள், பின்னால் ஒரு காஸ் தோம்பை, அதாவது சிலிண்டரை, கட்டியிருந்தார். நல்ல வெயில், நேர்ப் பாதை, அவர் வருவது எனக்கு வெகு தூரத்திலிருந்தே தெரிந்தது. இவர் ஒதுங்குவார் என்று பார்த்தேன். ஒதுங்கவில்லை. பாதையின் நடுவிலேயே போனார். "ஏங்க! மோட்டார்! மோட்டார் வருது!" என்று கத்திக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். அப்புறம்தான் பிரேக் பிடித்தார். மோட்டார்க்காரர் புல்லுக்குள் இறங்கி, சாய்ந்து, எப்படியோ காலை ஊன்றி நின்றார். மலாயில் நன்றாக ஏசிவிட்டு, பாதையில் ஏறிப் போய்விட்டார்.

கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"எத்தன மாசமா?" என்றேன்.

"தீபாவளிக்கு முன்னாலேருந்து."

"எவ்வளவு தெரியுது?"

"சுத்தி எல்லாம் தெரியுது. நடுவுலதான் இல்ல." என் பக்கம் திரும்பினார். "ஒன்ன நேரா பாத்தா மொகம் இருக்குற எடத்துல கறுப்பா ஒண்ணு நிக்குது. கொஞ்சம் தள்ளி, பக்கத்துல பாத்தேன்னா, மூக்குத்தி தெரியும். நீ சிரிக்கிறியா மொறைக்கிறியான்னு தெரியும்."

காலண்டர். தண்ணீர்க் குடம். தூண். எனக்கு எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தது. ஆறு மாதமாக இந்த மனுஷன் என்னைப் பார்ப்பதற்காகச் சுவரைப் பார்த்திருக்கிறார், நான் அதற்குச் சண்டை போட்டிருக்கிறேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தால் வாயில் ஆத்திரம்தான் முதலில் வரும் எனக்கு.

"அப்ப எனக்கு வாங்குனேன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"ஒனக்குன்னு எங்க சொன்னேன்? ஓட்டப் பிடிக்காதவங்களுக்குன்னு சொன்னேன்." ஸ்டீரிங்கைத் தடவினார். "எனக்கும்தான் இப்ப ஓட்டப் பிடிக்கல."

பிடிக்கல என்று அவர் சொன்ன விதம் எனக்குத் தெரியும். அது என்னுடைய வார்த்தை. நாற்பது வருடத்துக்கு மேல் சாலையை ஆண்டவர் இப்போது பயப்படுகிறார். பிஸ்கட் டின்னுக்கு அடியில் இருந்த கடிதம் ஞாபகம் வந்தது. அதை அங்கே வைத்தது என் கை. இவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

அவர் கதவைத் திறந்து இறங்கினார். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். "தொடச்சிட்டா காடிக்கு மறுபடி தெரியும். மெதுவா போயிறலாம்" என்றார். நானும் இறங்கினேன். அவர் குனிந்து, கையைச் சந்தனத்துக்கு அருகில் கொண்டுபோய், அப்படியே நிறுத்திவிட்டார். சற்று முன்தான் முனியாண்டிக்கு முன்னால் வைத்த பொட்டு. அவர் கை போகவில்லை. "நீ தொடச்சிரு" என்று கைக்குட்டையை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். ஒரு இழுப்பில் போய்விடும். காரின் பொட்டுதானே, அது என்ன மனுஷியா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் புருஷனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு பொட்டை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதைவிட இன்னொன்றும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அன்று காலையிலிருந்து தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். இதைத் துடைத்தால் கார் பார்க்க ஆரம்பிக்கும். கார் பார்த்தால் இவர் ஓட்டுவார். இன்று ஓட்டுவார், நாளைக்கும் ஓட்டுவார், மழையிலும் ஓட்டுவார். ஒரு நாள் சிவப்புச் சட்டைக்காரருக்குப் புல்லில் இறங்க இடம் இருக்காது.

"பொட்டு இருக்கட்டும்" என்றேன். "நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

"நீயா?"

"லைசென்ஸ் இருக்கு இல்ல? வருஷக்கணக்கா நீங்கதானே புதுப்பிச்சீங்க?"

அவர் காரைத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்து, இடதுபக்கக் கதவைத் தடவித் திறந்து உட்கார்ந்தார். அந்தத் தடவலை நான் இத்தனை மாதம் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று இன்றும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது.

ஓட்டப் பிடிக்காதவர்களுக்கான காரை, அதன் ஒரு உதவியும் இல்லாமல், ஓட்டப் பிடிக்காத நான் ஓட்டினேன். கியர் எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று, கட்டைவிரல் அளவுக்கு ஒன்று இருந்தது. சிக்னல் போட்டேன், வைப்பர் ஆடியது. விபூதிப் பட்டையின் கீழ் முனை கண்ணாடியில் இழுபட்டு எனக்கும் பாதி மறைத்தது. சீட்டு என் முதுகைப் பிடித்துவிட ஆரம்பித்தது. "எண்ணெய மெதுவா மிதி" என்று, ஆக்ஸிலரேட்டரைத்தான், ஒரே ஒரு தடவை சொன்னார். பழைய ரோட்டில் ஏறியதும் பின்னால் ஒரு லோரி வந்து ஹார்ன் அடித்தது, விடாமல் அடித்தது. என் கை வழுக்கியது, சேலையில் துடைத்துத் துடைத்துப் பிடித்தேன்.

"அடிச்சா அடிக்கட்டும்" என்றார் என் லோரிக்காரர். "அவன் வயசுல நானும் அப்படித்தான் அடிச்சேன்."

செம்மோர் தாண்டி, ஈப்போவுக்குள் நுழைந்து, புந்தோங் வந்து சேர இரண்டு மணி நேரம் பிடித்தது. கோயில் தெருவில் திரும்பும்போது, "லோங்காங் தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன்.

திங்கட்கிழமை பிஸ்கட் டின்னைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தேன். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் கண் டாக்டர். மாதா மாதம் கண்ணுக்குள் ஊசி. ஒவ்வொரு மாதமும் நான்தான் ஓட்டிப் போகிறேன். முதல் மூன்று வாரம் காரை எடுத்த ஐந்தாவது நிமிடம் டிங் என்று மஞ்சள் எழுத்து வரும், முன்னால் ஏதோ மறைக்கிறது என்று புகார் சொல்லும். தெரியும், இரு என்பேன். பிறகு ஒரு நாள் பெய்த மழையில் சந்தனமும் விபூதியும் அவையாகவே கரைந்து போயின. இப்போது கார் அதன் வேலையைச் செய்கிறது. நான் அதை நம்புவதில்லை. ஓட்டவும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

போன மாதம் மருத்துவமனைக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் என் தோளுக்கு அப்பால், கதவுக் கண்ணாடிக்கு வெளியே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமில்லை, ஒரு மூடிய கடை மட்டும்தான். நான் அசையாமல், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தேன்.

"மூக்குத்தி புதுசா?" என்றார்.